ஹார்மோன் கொடுக்க முடியாதபோது: 33 வயதில் சினைப்பை ஓய்ந்த ஒருவரின் சிகிச்சைப் பதிவு

வயது 33. அவிநாசிப் பக்கத்துக் கிராமம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். ஆறு வயதில் ஒரு மகள். இடது மார்பில் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் முடிந்தன. கட்டியில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள் இரண்டும் பாசிட்டிவ் (அந்த ஹார்மோன்களைப் பிடித்து வளரும் வகை), ஹெர்-2 என்ற புரதம் நெகட்டிவ், அக்குளில் இரண்டு நெறிக்கட்டிகளில் நோய். இப்போது தினமும், மார்பில் ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யாமல் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை 20 மி.கி.

அவர் சொன்னது: "குப்புனு ஒரு சூடு மேல ஏறுதுங்க, ரெண்டே நிமிசத்துல ரவிக்கை நனைஞ்சு போகுதுங்க. ராத்திரி நாலு தடவ எந்திரிக்கறேன். ஊட்டுக்குத் தூரமாகி பதினாலு மாசமாச்சுங்க." கேட்ட பிறகே சொன்னது: தாம்பத்தியத்தில் எரிச்சல், வலி. கேட்டும் சொல்லாமல் அழுதது: இனி குழந்தை உண்டா என்பது.

இவர் தனியொரு நபர் அல்ல. கொங்குப் பகுதியில் இதே நிலையில் வரும் பெண்களிடம் காணும் விவரங்களை ஒரே ஆளாகத் தொகுத்து, ஆய்வுக்காக அமைத்த நிகழ்வு இது. மருந்துகளும் அளவுகளும் நடைமுறையில் உள்ளவை. ஆனால் இதைப் பார்த்துத் தானாக மாத்திரை வாங்கக் கூடாது. ஏன் கூடாது என்பது கீழே வரும் ஒரு தவறிலேயே தெரியும்.

நின்றுபோனது, முடிந்துபோனதா?

கீமோவின் இரண்டாவது சுற்றுக்குப் பிறகு மாதவிடாய் நின்றது. அவருக்குக் கொடுத்தது நான்கு சுற்று டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்ஃபமைட். பிறகு வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு பாக்ளிடாக்செல். சினைப்பையை அதிகம் அழிப்பது சைக்ளோபாஸ்ஃபமைட். அது வளரும் முட்டைகளோடு நிற்காமல், உறங்கிக்கொண்டிருக்கும் கையிருப்பையும் காலி செய்கிறது.

பரிசோதனையில், சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். 68 யூனிட், சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ராடியால் 10 பிகோகிராமுக்குக் கீழ், முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். கருவி அளக்கும் எல்லைக்கும் கீழ். தைராய்டும் புரோலாக்டினும் சரி. கர்ப்பமில்லை என்று முதலிலேயே உறுதி செய்யப்பட்டது. 40 வயதுக்குள் குறைந்தது நான்கு மாதம் மாதவிடாய் வராமலோ ஒழுங்கு தவறியோ இருந்து, எஃப்.எஸ்.எச். 25-க்கு மேல் இருந்தால் முன்கூட்டிய சினைப்பைச் செயலிழப்பு என்கிறோம். முன்பு நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும் என்று இருந்தது. 2024-இல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதலில் ஒரு முறை போதும், சந்தேகம் இருந்தால் மட்டும் மறுமுறை. டமாக்சிஃபென் எடுப்பவரிடம் இந்த எண்கள் கொஞ்சம் குழம்பும் என்பதால் இவருக்கு ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கப்பட்டது. அப்போது 61. காரணம் கீமோ என்று தெளிவாகத் தெரிவதால் குரோமோசோம் பரிசோதனையும், ஃப்ரஜைல் எக்ஸ் மரபணுப் பரிசோதனையும் தேவைப்படவில்லை. காரணம் தெரியாமல் நிற்பவர்களுக்கு இவ்விரண்டோடு அட்ரீனல் எதிரணுவும் கட்டாயம் பார்க்க வேண்டும். இவருக்கு வேறொரு மரபணுப் பரிசோதனை தேவைப்பட்டது. இந்த வயதில் மார்பகப் புற்றுநோய் என்பதால், பரம்பரைப் புற்றுநோயோடு தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ. மரபணுவைப் பார்த்ததில் மாற்றம் எதுவும் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. செயலிழப்பு என்றால் முழு மெனோபாஸ் அல்ல. ஓய்ந்த சினைப்பை எப்போதாவது ஒரு முறை விழித்துக்கொள்ளும். இந்நிலையில் உள்ள பெண்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை தாமாகவே கருத்தரிப்பதுண்டு. கீமோவுக்குப் பின் ஏ.எம்.எச். அளக்க முடியாத அளவுக்குப் போனவருக்கு வாய்ப்பு இன்னும் குறைவு, ஆனால் பூஜ்யம் அல்ல. டமாக்சிஃபென் கருவைக் கெடுக்கும். ஆகவே கருத்தடை தேவை, அதுவும் ஹார்மோன் இல்லாதது. இவர் காப்பர்-டி போட்டுக்கொண்டார்.

இதே காரணத்தால் இன்னொரு தவறும் நடக்கிறது. மாதவிடாய் இல்லை, எஃப்.எஸ்.எச். உயர்ந்திருக்கிறது, ஆகவே மெனோபாஸ் என்று முடிவு செய்து டமாக்சிஃபெனை, மெனோபாஸ் ஆனவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும் லெட்ரோசோலுக்கு மாற்றிவிடுகிறார்கள். ஆனால் லெட்ரோசோல் குழந்தைப்பேற்று மருத்துவத்தில் முட்டையை வளர்க்கவும் கொடுக்கப்படும் மருந்து. சினைப்பையில் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தால் அதைத் தட்டி எழுப்பிவிடும், ஈஸ்ட்ரோஜன் ஏறும், புற்றுநோய்க்கு எதிரான காவல் போய்விடும். 40-க்குக் கீழ் உள்ளவருக்கு இப்படி மாற்ற வேண்டுமென்றால் கோசெரலின் போன்ற சினைப்பை அடக்கும் ஊசியும் சேர்ந்தே போக வேண்டும்.

ஹார்மோன் இல்லாத வழி யாருக்கு?

இதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சினைப்பை சீக்கிரம் ஓய்ந்த பெரும்பாலான பெண்களுக்குச் சிகிச்சை ஹார்மோன்தான். 50 வயது வரை உடம்பு தானே சுரந்திருக்க வேண்டிய ஈஸ்ட்ரோஜனைத் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். 55 வயதுப் பெண் எடுக்கும் ஹார்மோனைப் பற்றி எழுதப்பட்ட பயங்களை 30 வயதுப் பெண்ணின் மேல் ஏற்றக் கூடாது. "ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் கேன்சர் வரும்" என்று யாரோ சொன்னதால் அதை விட்டுவிட்டு, பத்து வருடம் கழித்து இடுப்பெலும்பு முறிந்து வருவது தவிர்க்கக்கூடிய சோகம்.

இவருடைய நிலை வேறு. மார்பகப் புற்றுநோய்க்குப் பின் ஹார்மோன் கொடுத்துப் பார்த்த ஆய்வில் நோய் திரும்புவது கூடியதால் ஆய்வையே நடுவில் நிறுத்தினார்கள். ஹார்மோன் போல வேலை செய்யும் டிபோலோன் என்ற மருந்தும் அப்படியே தோற்றது. எனவே இவருக்கு ஹார்மோன் இல்லை. ஆனால் ஈஸ்ட்ரோஜனின் இடத்தில் போடுவதற்கு ஒற்றை மாத்திரை எதுவும் கிடையாது. அது மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டில் ஒரு வேலை செய்தது, எலும்பில் ஒன்று, பிறப்புறுப்புத் தோலில் ஒன்று, ரத்தக்குழாயில் ஒன்று. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக ஆள் பிடிக்க வேண்டும். சூடு அடங்கியதும் "சரியாகிவிட்டது" என்று எழுதி அனுப்பிவிட்டு எலும்பை மறப்பதுதான் இந்தச் சிகிச்சையில் அதிகம் நடக்கும் பிழை.

திடீர்ச் சூடு

அவர் வரும்போதே கையில் ஒரு மாத்திரை இருந்தது. தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் எங்கோ எழுதிக் கொடுத்த பாராக்செடின் 12.5 மி.கி., மூன்று வாரமாக எடுக்கிறார். பாராக்செடின் திடீர்ச் சூட்டைக் குறைக்கும் என்பது உண்மை. குறைந்த அளவில் இதற்கென்றே 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. ஆனால் டமாக்சிஃபென் அப்படியே வேலை செய்வதில்லை. கல்லீரலில் சி.ஒய்.பி. 2டி6 என்ற நொதி அதை எண்டாக்சிஃபெனாக மாற்றிய பிறகே அதற்கு முழு பலம். அந்த நொதியைப் பாராக்செடின் அடைத்துவிடுகிறது. மாத்திரையை ஒரு நாள்கூடத் தவறாமல் விழுங்குவார், பலன் பாதியில் நின்றுவிடும். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது.

மனச்சோர்வு மருந்துகளான ஃப்ளுவாக்செடின், புப்ரோபியான் ஆகியவையும் இதே வகை. டுலாக்செடினும் ஓரளவு அடைக்கும். பலர் கவனிக்காதது டெர்பினாஃபின். வேர்வையில் ஊறி வேலை செய்பவர்களுக்குத் தொடை இடுக்கில் படர்தாமரை வருவது சகஜம். மருந்துக்கடையில் டெர்பினாஃபின் மாத்திரை வாங்கி வாரக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். அதுவும் அதே நொதியைப் பலமாக அடைக்கும். டமாக்சிஃபென் எடுக்கும் பெண்ணிடம் "தோல் அரிப்புக்கு ஏதாவது மாத்திரை எடுக்கிறீங்களா" என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

பாராக்செடினை நிறுத்தி, இன்னொரு மனச்சோர்வு மருந்தான வென்லாஃபாக்சின் 37.5 மி.கி. மெதுவாகக் கரையும் வகை தொடங்கப்பட்டது. இது அந்த நொதியை அதிகம் தொடுவதில்லை. அதற்கு முன் ஒரு வாரம் நாட்குறிப்பு எழுதச் சொன்னோம்: பகலில் எத்தனை, இரவில் எத்தனை, எவ்வளவு கடுமை. சராசரி பகலில் 7, இரவில் 4. இந்தக் கணக்கு இல்லாமல் மருந்து தொடங்கினால் பலனை அளக்கவே முடியாது. "கொஞ்சம் பரவால்லீங்க" என்ற பதில்தான் மிஞ்சும்.

முதல் ஐந்து நாள் குமட்டல். காலைச் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கச் சொன்னதும் அடங்கியது. எட்டாம் நாள் 75 மி.கி. 2000-இல் வெளிவந்த ஆய்வில் 37.5 மி.கி. சூட்டை 37 சதவீதமும், 75 மி.கி. 61 சதவீதமும் குறைத்தன. 150-க்கு ஏற்றியும் அதே 61 தான். வெற்று மாத்திரைக்கே 27 சதவீதம் குறைந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எனவே 75-ஐத் தாண்டி ஏற்றுவதில் லாபம் இல்லை, ரத்த அழுத்தம் மட்டும் ஏறும். இவருக்கு 118/76 இருந்தது 126/82 ஆனது. ஒவ்வொரு வருகையிலும் பார்க்கப்படுகிறது.

நான்காவது வாரம் பகலில் 3, இரவில் இன்னும் 3. பகல் அடங்கி இரவு அடங்காதவருக்குக் கபாபென்டின் நல்ல துணை, ஏனென்றால் தூக்கமும் தரும். இரவு 300 மி.கி. சேர்க்கப்பட்டது. தனியாகக் கொடுத்தால் நாளொன்றுக்கு 900 மி.கி. வரை போக வேண்டியிருக்கும். மறுநாள் காலை தலை கிறுகிறுப்பு. ஓவர்லாக் மெஷினில் ஊசியும் கத்தியும் ஒன்றாக ஓடும், கை தவறினால் விரல் போகும். படுக்கப் போகும்போது பதினோரு மணிக்கு எடுத்ததை எட்டரைக்கு மாற்றியதும் காலை தெளிவானது. மருந்து எழுதுபவர் நோயாளி செய்யும் வேலையைக் கேட்க வேண்டியது இதற்காகத்தான்.

மூன்றாம் மாதம் ஊர் நோம்பிக்குப் போனவர் மாத்திரையைத் திருப்பூரிலேயே விட்டுவிட்டார். இரண்டாம் நாளே தலைசுற்றல், படபடப்பு, தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோல் வெட்டு. நோய் மூளைக்குப் பரவிவிட்டது என்று குடும்பமே பயந்து வண்டி பிடித்து வந்தது. வென்லாஃபாக்சின் உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறும், திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான். அன்றே மாத்திரையைத் தொடர்ந்ததும் ஒரு நாளில் சரியானது. நிறுத்துவதானால் 37.5-க்கு இறக்கி இரண்டு வாரமாவது வைத்துப் பிறகு விட வேண்டும். முதல் சீட்டிலேயே இதைத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால் அந்த இரவு அவர்களுக்கு வந்திருக்காது.

மருந்து அல்லாதவற்றில் சான்று உள்ளது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. சூடு வரும் எண்ணிக்கையைவிட அது தரும் அலைக்கழிப்பையும் தூக்கக் கேட்டையும் இது குறைக்கிறது. ஆறு அமர்வுகள், அதில் நான்கு தொலைபேசியில், ஞாயிற்றுக்கிழமைகளில். யோகா, மூச்சுப் பயிற்சி, கருப்பு கோஹோஷ் என்ற மூலிகை, சோயா மாத்திரை ஆகியவற்றுக்குச் சூட்டைக் குறைக்கும் சான்று போதாது என்று வட அமெரிக்க மெனோபாஸ் சங்கத்தின் 2023 அறிக்கை சொல்கிறது. யோகா உடம்புக்கும் மனதுக்கும் நல்லது, செய்யட்டும். சோயா மாத்திரையும் சதாவரி லேகியமும் இவருக்கு வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் போல நடிக்கும் பொருளைச் செறிவாக்கிக் கொடுப்பதில் பயன் உறுதியில்லை, ஆபத்து இல்லை என்பதும் உறுதியில்லை. அம்மாயி கிண்டித் தந்த உளுந்தங்களி வேறு விஷயம். அது நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்ந்த நல்ல உணவு, சாப்பிடலாம். நின்ற தூரத்தை அது திரும்பக் கொண்டுவராது என்பதை மட்டும் பாட்டியின் மனம் நோகாமல் சொல்ல வேண்டியிருந்தது.

மூளையின் வெப்ப மையத்தில் நேரடியாக வேலை செய்யும் ஃபெசோலினெட்டன்ட் 45 மி.கி. 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கல்லீரல் பாதிப்பு பற்றிய கடும் எச்சரிக்கை 2024 இறுதியில் சேர்க்கப்பட்டது. இவருக்கு அதன் தேவை வரவில்லை.

வறட்சி

இதைத் தானாகச் சொல்பவர்கள் குறைவு. ஹார்மோன் இல்லாமலே பெரும்பாலும் சமாளிக்க முடியும், ஆனால் இரண்டு பொருள்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஈரமூட்டும் ஜெல் என்பது வாரம் மூன்று இரவு, உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே வைப்பது. ஹயலுரானிக் அமிலம் கலந்தது நன்று. வழுக்குத் திரவம் உறவின்போது மட்டும். இவர் முதலில் வாங்கியது கிளிசரின் மிகுந்த மலிவான ஒன்று, எரிச்சல் இரட்டித்தது. அடர்த்தி மிகுந்த திரவம் திசுவிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். கிளிசரின் இல்லாத, தண்ணீரில் செய்த திரவமோ சிலிக்கான் திரவமோ ஒத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் வீட்டில் இருக்கிறது, பலருக்கு இதமாகவும் இருக்கிறது. ஆனால் லேடெக்ஸ் ஆணுறை பயன்படுத்துபவர்களுக்கு அது ஆகாது, உறை கிழிந்துவிடும்.

பிறப்புறுப்பின் வாசலில்தான் வலி என்பதால் 4 சதவீத லிடோகெய்ன் திரவத்தைப் பஞ்சில் நனைத்து மூன்று நிமிடம் வைக்கச் சொல்லப்பட்டது. மார்பகப் புற்றுநோய் கடந்த பெண்களிடம் சோதித்துப் பலன் கண்ட முறை இது. இடுப்புத்தளத் தசையைத் தளர்த்தும் பயிற்சியும் சேர்ந்தது. பன்னிரண்டு வாரத்தில் வலி பெரும்பாலும் போனது. லேசர் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட 2021 ஆய்வில் லேசர் மேலாக நிற்கவில்லை, பணம் வீண்.

எலும்பு

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் முதுகெலும்பு இசட் மதிப்பெண் −1.9, இடுப்பு −1.3. இந்த வயதில் இளம் வயதினரோடு ஒப்பிடும் டி மதிப்பெண்ணைப் பார்க்கக் கூடாது, அதே வயதினரோடு ஒப்பிடும் இசட் தான். −2-ஐத் தொட்டால் வயதுக்குரிய அளவுக்குக் கீழ். வைட்டமின் டி 11 நானோகிராம், 20-க்குக் கீழே என்றால் குறைபாடு. இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் ஏன் என்று கேட்பார்கள். காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வருபவர் எந்த வெயிலைப் பார்ப்பார்?

60,000 யூனிட் வாரம் ஒன்று, எட்டு வாரம், பிறகு மாதம் ஒன்று. "வாரம்" என்பதை "தினம்" என்று புரிந்துகொண்டு கால்சியம் ஏறி வாந்தியோடு வந்தவர்கள் உண்டு. ஆகவே மாத்திரையோடு "ஞாயிறு மட்டும்" என்று எழுதி ஒட்டித் தரப்பட்டது. கால்சியம் நாளுக்கு 1000 மி.கி. வேண்டும். நூறு கிராம் ராகி மாவில் ஏறக்குறைய 350, இரண்டு டம்ளர் பாலில் 450-க்கு மேல். ராகிக் களியும் மோரும் முருங்கைக்கீரையும் இருக்கும் வீட்டில் மாத்திரை பாதி போதும். அதையும் டீயோடு விழுங்காமல் சாப்பாட்டுக்குப் பின். வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி: ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டு கையிலும், நாற்காலியிலிருந்து உட்கார்ந்து எழுவது பத்துத் தடவை, மூன்று சுற்று. நடை தனியாக.

எலும்பு தேய்வதைத் தடுக்கும் சோலெட்ரோனிக் அமில ஊசியைத் தொடங்குவதில் தயக்கம் இருந்தது. அந்த மருந்து எலும்பில் பல வருடம் தங்கும், அவருக்குக் குழந்தை ஆசை இருந்தது. எலும்பு முறிவு எதுவும் இல்லாததால் ஒரு வருடம் பொறுத்தோம். பன்னிரண்டாம் மாதம் மறு ஸ்கேனில் முதுகெலும்பு அடர்த்தி 3.8 சதவீதம் இறங்கியிருந்தது, இசட் −2.2.

குழந்தை

கீமோ தொடங்கும் முன் முட்டை சேமிப்பதைப் பற்றி யாரும் அவரிடம் பேசவில்லை. லெட்ரோசோல் சேர்த்துத் தூண்டினால், மாதவிடாய் நாளுக்குக் காத்திராமல் இரண்டு வாரத்தில் முடியும் வேலை. கீமோவுக்கு ஒரு வாரம் முன்பு தொடங்கி நான்கு வாரத்துக்கு ஒரு முறை கோசெரலின் 3.6 மி.கி. போட்டிருந்தால் சினைப்பைக்கு ஓரளவு பாதுகாப்பும் கிடைத்திருக்கும். 40-க்குக் கீழ் உள்ள எந்தப் பெண்ணுக்கும் முதல் கீமோவுக்கு முன் இந்தப் பேச்சு நடக்க வேண்டும். ஒரு குழந்தை இருக்கிறதே என்று தாமாக முடிவு செய்ய மருத்துவருக்கு உரிமை இல்லை.

இடையில் அவரே ஒரு விளம்பரம் பார்த்தார். சினைப்பைக்குள் பி.ஆர்.பி. ஊசி, "ஹார்மோன் இல்லாமல் சினைப்பைக்கு மறுவாழ்வு". தன் ரத்தத்தையே சுழற்றிப் பிரித்துச் செலுத்துவது. கேட்க நன்றாக இருக்கிறது, கேட்கும் தொகையும் பெரியது. 2024 வழிகாட்டுதல் இதை ஆய்வுக்கு வெளியே செய்ய வேண்டாம் என்கிறது. ஸ்டெம் செல்லுக்கோ நம் நாட்டின் 2017 வழிகாட்டுதலே தடை. இப்படிப்பட்ட பயன்பாடு முறையான ஆய்வில் மட்டுமே. டி.எச்.இ.ஏ. மாத்திரையைச் சத்து மாத்திரை என்று விற்கிறார்கள். அது ஹார்மோன்தான், உடம்பில் ஈஸ்ட்ரோஜனாகவும் மாறும், இவருக்குத் தொடவே கூடாதது.

உண்மையான வழி தானமுட்டை. செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய நம் நாட்டின் 2021 சட்டப்படி தானம் கொடுப்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம். டமாக்சிஃபென் போன்ற மருந்தை 18 முதல் 30 மாதம் வரை எடுத்த பின் இரண்டு வருடம் வரை இடைவெளி விட்டுக் கருத்தரிக்க முயன்ற 500-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நோய் திரும்புவது குறுகிய காலத்தில் கூடவில்லை என்று 2023-இல் வந்த ஆய்வு காட்டியது. நீண்ட காலக் கணக்கு அதில் இல்லை. இதையெல்லாம் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்து, மாமியாரை வெளியே இருக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் பேசினோம். பேரன் வேண்டும் என்ற வீட்டு நெருக்கடி இருந்தது உண்மை. முடிவை அவர்கள் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு சொன்னார்கள்: ஒரு மகள் போதும்.

அதன் பிறகு சோலெட்ரோனிக் அமிலம் 4 மி.கி., ஆறு மாதத்துக்கு ஒரு முறை. முன்பே பல் மருத்துவரிடம் அனுப்பி இரண்டு சொத்தைப் பற்களைப் பிடுங்கி ஆற விட்டோம். ஊசிக்குப் பின் பல் பிடுங்கினால் தாடையெலும்பு அழுகும் ஆபத்து உண்டு. வைட்டமின் டி 34-க்கு ஏறியதும், கிரியாட்டினின் பார்த்து, பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் சொட்டாக. மறுநாள் காய்ச்சல், மேலெல்லாம் வலி. சிக்குன்குனியா என்று பயப்படாமலிருக்க முன்கூட்டியே சொல்லியிருந்தோம். பாராசிட்டமால் 650, இரண்டு நாள். மாதவிடாய் நின்ற நிலையில் உள்ளவர்களுக்கு எலும்பில் நோய் திரும்புவதையும் இந்த மருந்து ஓரளவு குறைக்கும் என்பது கூடுதல் லாபம்.

பதினெட்டாம் மாத நிலை

சூடு பகலில் 1 அல்லது 2, இரவில் சில நாள் மட்டும். வென்லாஃபாக்சின் 75 தொடர்கிறது, கபாபென்டின் நிறுத்தப்பட்டது. ரத்த அழுத்தம் 124/80. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 138-லிருந்து 116. இடது மார்புக் கதிர்வீச்சும் டாக்ஸோரூபிசினும் பட்ட இதயம் என்பதால் எக்கோ பார்க்கப்பட்டது, சுருங்கும் திறன் 60 சதவீதம், இயல்பான அளவுதான்.

பதினாறாம் மாதம் இரண்டு நாள் லேசாக ரத்தம் பட்டது. தூரம் திரும்பிவிட்டது என்று வீட்டில் சந்தோஷம். டமாக்சிஃபென் எடுப்பவரிடம் எந்தக் கசிவையும் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை, ஸ்கேன், உட்சுவர் 11 மி.மீ. இருந்ததால் திசுப் பரிசோதனை. சிறு பாலிப் ஒன்று, புற்று இல்லை, எடுக்கப்பட்டது. எஸ்ட்ராடியால் மறுபடி பார்த்ததில் இன்னும் 10-க்குக் கீழ். அடுத்த டெக்சா இருபத்துநான்காம் மாதம். அடுத்த ஊசிக்கு முன் கால்சியமும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும் என்று அவருடைய நோட்டின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டுள்ளது.